மொம்பாசாவில் ஒரு காலை

கென்யாவின் மொம்பாசாவுக்கு வருகிறவர்கள் முதலில் ஜீசஸ் கோட்டைக்குத்தான் ஓடுகிறார்கள். போர்த்துகீசியர் 1593-இல் கட்டத் தொடங்கியது. நீண்ட முற்றுகைக்குப் பின் 1698-இல் ஓமானியர் கைக்குப் போனது. பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் ஊர் பிடிபடுவது அதையொட்டிய பழைய நகரத்துச் சந்துகளில்தான்.

பவளக்கல் சுவர்கள், பூவேலை செதுக்கிய கதவுகள், புர்கா அணிந்த பெண்கள், குஜராத்தி பேசும் கடைக்காரர்கள். கொஞ்சம் தள்ளி வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு சமணக் கோயில்.

காலையில் மஹம்ரி கிடைத்தது. ஏலக்காய் மணக்கும், உப்பிய, பொரித்த ரொட்டி. தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பாலில் வெந்த முழுத் துவரை. ஏலக்காய் நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரக்கு. துவரைக்கும் பூர்வீகம் இந்தியாதான். வடகிழக்குப் பருவக்காற்றில் பாய்மரக் கப்பல்கள் இங்கே வந்து, தென்மேற்குக் காற்றுக்குக் காத்திருந்து திரும்பிய காலத்தின் ருசி அது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

இந்தக் கலப்பை 'நல்லிணக்கம்' என்று சுலபமாகப் புகழ்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. எல்லோரும் விரும்பியா வந்தார்கள்? இந்தக் கரையில் அடிமை வியாபாரம் நடந்தது. 1896-இல் இங்கே தொடங்கிய உகாண்டா ரயில்பாதைக்கு ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து 30,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 2,500 பேர் ஊர் திரும்பவே இல்லை. பாதை போடும்போதே இறந்துபோனார்கள்.