பிளக்கின் நிறம்

கார்ப்பரேட்டர் ஜெட்டைப் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் எழுத அனுமதி கேட்கும் தோரணை எதுவும் தேவையில்லை என்று நினைக்கிறேன். படிமம், குறியீடு, இருத்தலின் அவஸ்தை எல்லாவற்றையும் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஒரு துவாரத்தின் அளவைப் பற்றியும் கொஞ்சம் எழுதலாம். கவிதையைப் பாராட்ட நாம் வாய்க்கு வாய் சொல்லும் 'சிக்கனம்' என்ற சொல் இந்தத் துவாரத்தின் முன் அவ்வளவு தைரியமாக நிற்காது என்பது என் கட்சி.

என் வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100. 1985-லிருந்து 1996 வரை இந்தியாவில் தயாரானது. 98 சி.சி., டூ ஸ்ட்ரோக், நாலு கியர். அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது. இந்த வண்டியைப் பற்றி இப்போது பரவியிருக்கும் பழம்பெருமைப் பேச்சில் எனக்கு ருசி கிடையாது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பெட்ரோலில் ஒரு பங்கை எரிக்காமலேயே சைலன்ஸர் வழியாக வெளியே தள்ளுகிறது. அது விடும் புகையைப் பின்னால் வருகிறவன் சுவாசிக்கிறான். இதை மறைத்துவிட்டு அதன் சத்தத்தைச் சங்கீதம் என்று வர்ணிப்பது ரஸனை ஆகாது. ஆனால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி, கைக்கு எட்டும்படி இருக்கிற எஞ்சின் அது. கேட்கத் தெரிந்தவனுக்குப் பதில் சொல்லும்.

கார்ப்பரேட்டரின் வேலை எளியது. எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. காற்று வரும் வழி நடுவில் குறுகுகிறது. குறுகிய இடத்தில் காற்றின் வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. கீழே ஃப்ளோட் சேம்பரில் நிற்கும் பெட்ரோல் மேலே ஏறித் தூவலாகக் கலக்கிறது. எவ்வளவு ஏறலாம் என்பதை நிர்ணயிப்பது ஜெட்: நடுவில் துவாரமிட்ட ஒரு சின்னப் பித்தளைத் திருகு. எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்பது இரண்டும் மிச்சமில்லாமல் எரிந்து தீரும் கணக்கு. வங்கி குமாஸ்தாவுக்குப் பிடித்த கணக்கு. வரவும் செலவும் நேர். ஆனால் எஞ்சினின் முழு பலம் இந்தக் கணக்கில் கிடைப்பதில்லை. பன்னிரண்டரை, பதின்மூன்று பங்கு காற்று என்று பெட்ரோலின் கை கொஞ்சம் ஓங்கியிருக்கும்போதுதான் கிடைக்கிறது. ஏதோ கொஞ்சம் விரயம் அதன் பலத்தோடு சேர்ந்தே இருக்கிறது.

எல்லா வேகத்துக்கும் ஒரே ஜெட் இல்லை. ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் இருக்கையில் ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். கொஞ்சம் திறந்தபின், உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சரிவு. கால் பங்கிலிருந்து முக்கால் வரை ஊசி. அதன் தலையிலுள்ள பள்ளங்களில் கிளிப்பை எதில் மாட்டியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் கறாரானவை அல்ல, ஒன்றின் ஆட்சி முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும். ஆகவே 'வண்டி சரியில்லை' என்பது அபிப்பிராயமே இல்லை. திண்டுக்கல்லில் என் வண்டியைப் பார்க்கும் பாய், ஆக்ஸிலேட்டர் கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுவிடுவார். "எந்தக் கோட்டுல இருமுதுன்னு சொல்லுங்க சார். சும்மா இருமுதுன்னா நான் என்னத்தப் பாக்குறது?" ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவார். ரெண்டை மாற்றினால் எது பேசுகிறதென்று தெரியாதாம். ஒரு தொகுப்பைப் பற்றி 'மொழி பலவீனமாக இருக்கிறது' என்று எழுதிவிட்டு, எந்தக் கவிதையில், எந்த வரியில் என்று சொல்லாமல் நகர்ந்துவிடும் மதிப்புரைகளை மாதம் நாலைந்து படிக்கிறேன். அவர்களையெல்லாம் ஒரு வாரம் பாயிடம் அனுப்பலாம்.

மெயின் ஜெட் சரியா என்று பார்க்கும் விதம் இது. ஆளில்லாத சாலையில் வண்டியை நன்றாகச் சூடாக்கி, மூன்றாவது கியரில் முழுக்கத் திறந்து ஓட்ட வேண்டும். அந்த ஓட்டத்திலேயே கிளட்சைப் பிடித்துச் சாவியை அணைத்துவிட வேண்டும். மெதுவாக வந்து நின்றால் கலவையின் குணம் மாறிவிடும். பிளக் பொய் சொல்லும். உருண்டு ஓரமாக நின்றதும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் குறைவு. பால் குறைத்துப் போட்ட டீயின் நிறம் இருந்தால் சரி. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நாட்டை விட்டுப் போனபிறகு இந்த நிறங்கள் முன்போல் ஸ்பஷ்டமாக இல்லை. பாய் லென்ஸ் வைத்துப் பீங்கானின் அடிவேரைப் பார்க்கிறார். எங்கள் கிளையில் நகைக்கடனுக்கு உரைகல்லோடு உட்கார்ந்திருக்கும் மதிப்பீட்டாளரும் கிட்டத்தட்ட இந்த முகத்தோடுதான் பார்ப்பார். இருவரும் பார்க்கும்போது பேசுவதில்லை.

பாயிடம் வருகிறவர்கள் கேட்பதெல்லாம் மைலேஜ். லிட்டருக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர். ஜெட் துவாரத்துக்குள் மெல்லிய செம்புக் கம்பி இழை ஒன்றைச் செருகிவிடச் சொல்லும் சமர்த்தர்களும் உண்டு. பெட்ரோல் விற்கும் விலையில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. சம்பளத் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் நடுவில் இருக்கும் தூரம் எனக்கும் தெரியும். ஆனால் கலவையைக் குறைத்தால் என்ன நடக்கிறது என்பது வேறு சமாச்சாரம்.

பெட்ரோல் அதிகமாக இருந்த எஞ்சினில் அதைக் குறைத்துக்கொண்டே வந்தால், முதலில் நடப்பது நல்லதுதான். மந்தம் போகும். புகை குறையும். சத்தத்தில் இருந்த கொழகொழப்பு நீங்கி ஒரு கூர்மை வரும். திருகின கைக்குப் பதில் உடனே கிடைக்கும். சரியான இடத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் குறைத்தாலும் இந்தக் கூர்மை போய்விடுவதில்லை என்பதில்தான் வினை இருக்கிறது. ஓட்டுகிறவனுக்கு வண்டி முன்னைவிடச் சுறுசுறுப்பாகவே படுகிறது. உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கிறது. ஆவியாகும் பெட்ரோல் தன் பங்குக்கு எஞ்சினைக் குளிர்விக்கிறது என்பதை நாம் யோசிப்பதில்லை. எரிவதற்கு மட்டும்தான் அது என்று நினைக்கிறோம். பிஸ்டன் அலுமினியம், அது ஓடும் சிலிண்டரின் உட்சுவர் இரும்பு. அதே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் இரண்டு மடங்கு விரியும். நடுவிலிருக்கும் ஆயில் படலம் காய்ந்ததும் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்கிறது. பின்சக்கரம் நின்றுவிடும். கிளட்சை அந்த க்ஷணத்தில் பிடித்தவன் பிழைத்தான். பாயின் கடைத் திண்ணையில் பக்கவாட்டில் உரசிக் கீறல் விழுந்த பிஸ்டன்கள் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன. போன வாரம்வரைக்கும் வண்டி பிரமாதமாக ஓடிச்சு என்றுதான் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்.

இனி கவிதைக்கு வருகிறேன். நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தவன். எஸ்ரா பவுண்ட் 1913-ல் கவிஞர்களுக்கு விதித்த தடைகள், ஒரு சொல்கூட மிகக் கூடாது என்பது, எனக்குப் பரீட்சைப் பாடம். பாரீஸ் மெட்ரோ ஸ்டேஷனில் கண்ட முகங்களைப் பற்றி முப்பது வரி எழுதி அழித்து, பிறகு அதில் பாதி எழுதி, ஒரு வருஷம் கழித்து இரண்டே வரியில் முடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவருக்கு அது வேண்டியிருந்தது. அவருக்கு முன்னால் ஆங்கிலக் கவிதையின் பிளக் கறுத்திருந்தது; குறைத்தார். கறுத்த பிளக்குக்குச் சொன்ன வைத்தியத்தை நாம் எல்லாப் பிளக்குக்கும் எழுதிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் வீட்டில் வேறு ஏற்பாடு இருந்தது. குறுந்தொகை நாலடி முதல் எட்டடி. நற்றிணை ஒன்பது முதல் பன்னிரண்டு. அகநானூறு பதின்மூன்று முதல் முப்பத்தொன்று. அதற்கு நெடுந்தொகை என்றே இன்னொரு பெயர். மூன்றும் அகம். தொகுத்தவர்கள் நீளத்தை வைத்துப் பிரித்தார்கள். குறைந்தது உயர்ந்தது என்று எங்கும் சொல்லவில்லை. கபிலரின் பாட்டு மூன்றிலும் இருக்கிறது. குறுந்தொகையில் ஐந்தே அடியில் ஒரு பெண்ணின் வாழ்க்கையை நிறுத்திவிட்ட அதே கபிலர் பெயரில்தான் 261 அடிக் குறிஞ்சிப்பாட்டும் இருக்கிறது. அதில் தொண்ணூற்றுச் சொச்சம் பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. நம் எடிட்டர் யாரிடமாவது அது வந்திருந்தால் பூக்கள் மூன்றுக்கு மேல் மிஞ்சியிருக்காது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. என் நண்பர் ஒருவர் தோல் ஷாப்பில் கணக்கு எழுதுகிறவர். அவருடைய முதல் தொகுப்பில் அந்தத் தோல் ஷாப் இருந்தது. சுண்ணாம்புத் தொட்டி, முடி களையும் ஆட்கள், சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் நாற்றம், அதற்காகப் பெண் கொடுக்க மறுத்த ஒரு குடும்பம். சில கவிதைகள் வழவழவென்றுதான் இருந்தன. குறைக்கச் சொன்னார்கள், குறைத்தார். இரண்டாவது தொகுப்பு நிஜமாகவே நல்ல தொகுப்பு. மூன்றாவதில் எல்லாம் மூன்று வரி. ஒரு பறவை, ஒரு நிழல், நிறைய வெள்ளைத்தாள். தோல் ஷாப் இல்லை. நாற்றம் இல்லை. 'செறிவின் உச்சம்' என்று அதற்குத்தான் பாராட்டு வந்தது. வெளியீட்டுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பிளக் வெளுத்திருக்கிறது என்று சொன்னேன். என்ன அர்த்தம் என்றும் விளக்கினேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. அதன்பின் அவர் எதுவும் எழுதவில்லை என்பதையும் மற்றவர்கள் மூலம் கேள்விப்படுகிறேன். திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவர் பேசாமலிருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்பதும் வாஸ்தவம்.

தாராளம்தான் உயர்ந்தது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறினால், சுமார் 2100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. கீழே சரியாக இருந்த ஜெட் பெருமாள்மலையில் திணறுகிறது, பிளக் கறுக்கிறது. அங்கே குடியிருப்பவன் சின்ன ஜெட்தான் போட வேண்டும். ஜெட்டின் எண் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதால் எந்த எண்ணும் சரி என்றாகிவிடாது. தப்பான எண் போட்டால் எந்த ஊரிலும் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். 'எல்லாம் அவரவர் ரஸனை' என்று சொல்லிக் காபிக்குப் போகிறவர்களுக்கு இந்த விஷயம் பிடிபடுவதில்லை.

இப்போது யாரும் திருகைத் தொடாமலேயே எல்லாப் பழைய வண்டிகளின் கலவையும் மெலிந்துவிட்டது. பெட்ரோலில் எத்தனால் சேர்ப்பது 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது, ஆகவே 14.7 என்ற பழைய கணக்கு சுமார் பதின்மூன்றரைக்கு இறங்குகிறது. அதாவது அதே துவாரத்தின் வழியே அதே அளவு ஏறினாலும் அது போதாது. புதிய வண்டிகளுக்குக் கவலை குறைவு. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதிகள் வந்தபின் அவற்றில் பெரும்பாலும் கார்ப்பரேட்டரே கிடையாது. புகைக்குழாயிலுள்ள சென்ஸார் முகர்ந்து பார்த்துச் சொல்ல, ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. பாயிடம் அந்த வண்டிகள் வருவதில்லை. வருகிற பழைய வண்டிகளுக்கு அவர் ஒரு எண் பெரிய மெயின் ஜெட்டாகப் போட்டு அனுப்புகிறார். மைலேஜ் குறையுமே என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் திண்ணையிலிருக்கும் டப்பாவைக் காட்டுகிறார். சில பேர் அதைப் பார்த்தபிறகும் பழைய ஜெட்டையே மாட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு போகிறார்கள். என் வண்டியில் இரண்டு எண் பெரியது ஓடுகிறது. அதிகமோ என்று பாய்க்கே சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயிலுக்கு முன்னால் பைபாஸில் ஓட்டிப் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.