இரையும் சிறு விசிறி

நம் இல்லத்தில் பழைய கணினியொன்று உண்டு. அதன் கிராபிக்ஸ் அட்டை 1999 இல் வெளிவந்த ஜீபோர்ஸ் 256 வகை. அக்கால விளையாட்டுகள் பல புதிய கணினிகளிற் செவ்வனே ஓடாமையால், பிள்ளைகள் அதனை விட்டபாடில்லை. ஆனால், அட்டையைக் குளிர்விக்கும் சிறு விசிறியோ வண்டென இரையும். வினாத்தாள் திருத்தவும் விடாது.

விசிறியை நிறுத்தினால் அமைதி கிட்டும், சில்லு வெந்துபோகும். வேகத்தைக் குறைத்தாலென்ன என மாணவர் வினவுவர். வேகம் பாதியாயின் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும், காற்றும் பாதியாகிவிடுமே!

பெரும்பாலும் குற்றம் வேகத்திலன்று. தூசி படிந்து, சுழல்தண்டின் எண்ணெய் வற்றியிருக்கும். விசிறியைக் கழற்றித் துடைத்து, பின்புற ஒட்டுத்தாளை மெல்ல உரித்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விடுதல் நன்று. தேங்காயெண்ணெய் வேண்டா; நுவரெலியாக் குளிரில் அது உறைவதை அறியாதார் யார்?

தண்டே தேய்ந்திருப்பின் எண்ணெயும் பயன்படாது. அப்பொழுது 80 மில்லிமீற்றர் விசிறியொன்றை மெதுவாகச் சுழலவிடலாம். பெரிய இதழ்கள் குறைந்த வேகத்திலேயே போதிய காற்றைத் தள்ளும். மூல உறுப்புப் போயிற்றே எனப் பழம்பொருள் சேர்ப்போர் முணுமுணுப்பர். நமக்கு அட்டை பிழைத்தாற் போதும். பழைய விசிறியை உறையிலிட்டு மேசை இழுப்பறையில் வைத்துள்ளோம்.