மிதக்கும் கோட்டைகள்

கடலில் மிதக்கும் கோட்டை என்று போற்றப்பட்டது போர்க்கப்பல். அந்தப் பெருமையை 1941 டிசம்பர் 10 தகர்த்தது. அன்று மலேயாக் கடலில் வான்காவலின்றிச் சென்ற 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் பிரிட்டிஷ் கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் டார்ப்பிடோக்களாலும் குண்டுகளாலும் தாக்கி மூழ்கடித்தன. மாண்டவர் 840 பேர்.

என்னைத் திகைக்க வைப்பது பின்னர் நடந்ததே. இப்பாடத்தை உலகுக்குப் புகட்டிய ஜப்பானே, 1945 ஏப்ரலில், யாவற்றினும் பெரிய போர்க்கப்பலான 'யமாட்டோ'வைப் போதிய விமானத் துணையின்றி, திரும்பாது என்று தெரிந்தே, ஓகினாவாவை நோக்கி அனுப்பியது. அமெரிக்க விமானங்கள் சுமார் இரண்டு மணி நேரத்தில் அதன் கதையை முடித்தன. அக்கப்பலோடு ஏறத்தாழ 3000 பேர் மடிந்தனர்.

கவசத்தின் கனத்தை அங்குலம் அங்குலமாக அளந்தவர்கள், அதனுள் இருந்த உயிர்களின் விலையை அளக்க மறந்தார்களே! கற்ற பாடத்தை ஏற்க மறுக்கும் வீம்பே கப்பலைக் கவிழ்க்கும் முதற்குண்டு என்பேன்.