உரைகல்லும் மூச்சுக் கணக்கும்

பிறந்து நாற்பது நாள்கூட நிறையாத சிசு, இரவு இரண்டாம் ஜாமத்தில் கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு முகம் சிவக்க வீறிட்டு அழத் தொடங்கிவிட்டால், அந்த வீட்டில் அக்கணமே இரண்டு கட்சிகள் உண்டாகிவிடுகின்றன. ஓமம் போட்டுக் கொதிக்க வைத்த நீரை ஆற்றிப் பாலாடையில் எடுத்து வரச் சொல்லும் பாட்டி ஒரு பக்கம். டாக்டரைக் கேட்காமல் ஒரு சொட்டும் வாயில் விடக் கூடாது என்று தொலைபேசியைக் கையில் எடுக்கும் தகப்பன் மறுபக்கம். இருவருக்கும் நடுவே, தூக்கமிழந்த கண்களோடு பிள்ளையைத் தோளில் சாய்த்துக் கூடத்துக்கும் வாசலுக்குமாக உலாத்துகிற தாய்.

இந்த விவாதம் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. பாட்டியின் கட்சிக்கு ஆதாரம் அவர் பெற்று வளர்த்த பிள்ளைகள்; தகப்பனின் கட்சிக்கு ஆதாரம் அவன் படித்த படிப்பு. பெற்றும் வளர்க்க முடியாமற்போன பிள்ளைகளைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அந்த நாளில் ஏழு பெற்றவள் நான்கைத்தான் ஆளாக்கினாள் என்பதும், மற்ற மூன்றும் மாந்தம் என்றும் கணை என்றும் சொல்லப்பட்டுத் தோட்டத்து மூலையில் அடங்கின என்பதும், எங்கள் குடும்பத்திலேயே பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ள நான் கேட்ட செய்திகள். ஆகவே பாட்டி வைத்தியத்தைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பக்தியும் துக்கமும் ஒருங்கே உண்டாகின்றன.

பக்திக்குக் காரணம் என் அத்தை. கும்பகோணத்துக்கு அருகே எங்கள் கிராமத்தில் பிள்ளை பெற்ற வீடுகள் எல்லாவற்றிலும் அவளுக்கு உரிமை இருந்தது. ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் முதலியவற்றைச் சோறு கொதிக்கும் பானையிலேயே போட்டு வேக வைத்து, பல நாள் வெயிலில் காய்ந்த பின் மரச்சிமிழில் பத்திரப்படுத்துவாள். வசம்பை மாத்திரம் விளக்கெண்ணெய் விளக்கின் சுடரில் காட்டிக் கருக்கிக்கொள்வாள். குழந்தைக்குத் தலைக்கு வார்க்கிற அன்று, கழுவித் துடைத்த உரைகல்லில் தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டு, ஒவ்வொரு காயையும் குழந்தையின் வயதுக்குத் தக்கபடி ஓர் உரை, இரண்டு உரை என்று வாய்விட்டு எண்ணி இழைப்பாள். பேச்சு வாக்கில் கை ஒரு சுற்று அதிகமாக ஓடிவிட்டால், இழைத்ததை வழித்தெறிந்து கல்லைக் கழுவிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத அந்தக் கையில் அளவைப் பற்றிய அச்சம் குடியிருந்தது. இன்று அதே சரக்குகள் இடித்து உருட்டிய மாத்திரைகளாக நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கின்றன. எவ்வளவு இழைப்பது என்று அறியாதவர்களும் வாங்கிச் செல்கிறார்கள். அத்தையின் மருந்து வந்து சேர்ந்தது, அவளுடைய அச்சம் வந்து சேரவில்லை.

அந்த அச்சத்துக்கு நியாயம் உண்டு என்பதை ரசாயன சாஸ்திரமும் பிற்காலத்தில் சொல்லிற்று. ஜாதிக்காய் அளவு மீறினால் மயக்கம் தருவது. அதை இழைத்துக் கொடுத்ததும் அழுத பிள்ளை அயர்ந்து தூங்குகிறதென்றால், வயிற்று நோவு தீர்ந்தது என்று அதற்கு அர்த்தமில்லை; நோவைச் சொல்லும் குரல் அடங்கிற்று என்பதே அர்த்தமாகவும் இருக்கலாம். வசம்பிலுள்ள ஒரு சத்து எலிகளுக்குப் புற்றுநோய் விளைவிப்பதைக் கண்டு, உணவுப் பண்டங்களில் அதைச் சேர்ப்பதை அமெரிக்க அரசாங்கம் 1968-இலேயே தடுத்துவிட்டது. ஆறு மாதம் நிறையும் வரையில், டாக்டர் சொன்ன மருந்தைத் தவிர, தாய்ப்பால் அல்லாத எதுவும், தண்ணீர் உட்பட, குழந்தையின் வாய்க்குள் போக வேண்டியதில்லை என்ற இன்றைய விதியை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். பிறந்த அன்று தேன் தொட்டு வைக்கிற சம்பிரதாயமும் இதில் அடங்கும். தேனில் மறைந்திருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளை முடக்கும் விஷத்தை உண்டாக்க வல்லது.

ஆனால் அத்தை கொடுத்தது உரைமருந்து மட்டுமா? நீட்டிய கால்களில் குழந்தையைக் குப்புறக் கிடத்தி, வெந்நீரின் பதத்தைப் புறங்கையில் பார்த்து, முதுகையும் துடையையும் அவள் உருவி விடுகையில், எந்த மடிப்பில் வேர்க்குரு, எந்த இடுக்கில் புண், நேற்றைக்கு இன்று உடம்பு இளைத்ததா தேறியதா என்பதெல்லாம் அவளுடைய விரல்களுக்குத் தெரிந்துவிடும். குழந்தை சோர்ந்திருப்பதைப் பெற்றவளுக்கு முன்னே சொல்கிறவள் அவளாகவே இருப்பாள். ஆறு வாரத்தில் உச்சத்துக்குப் போய் மூன்று நான்கு மாதத்தில் தானே தணிகிற அந்த இராத்திரி அழுகையை, "மூணு மாசம் போனா அடங்கிடும், பயப்படாதே" என்று சொல்லிப் பிள்ளையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு, தாயைத் தூங்க அனுப்பினாளே, அதைவிடச் சிறந்த சிகிச்சை அந்த உபத்திரவத்துக்கு இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

துக்கத்துக்குரிய பகுதி இனி வருகிறது. பேதி கண்ட குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கிப் போவதை நம் கிழவிகள் எவ்வளவு நுட்பமாகக் கண்டார்கள்! உடம்பில் நீர் வற்றிவிட்டது என்பதற்கு வைத்திய நூல்களும் அதை ஓர் அடையாளமாகச் சொல்கின்றன. கண்டவர்கள் என்ன செய்தார்கள்? அந்தக் குழியில் விளக்கெண்ணெயை வைத்துத் தேய்த்தார்கள். வயிறு காயட்டும் என்று பாலையும் தண்ணீரையும் நிறுத்தினார்கள். கண் சரியாகப் பார்த்தது. கை நேர்மாறாகச் செய்தது. எத்தனை ஆயிரம் சிசுக்கள் தாகத்தால் செத்தன என்பதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

அதற்கு மாற்று ஒரு பெரிய யந்திரத்திலிருந்தோ விலையுயர்ந்த ஔஷதத்திலிருந்தோ வரவில்லை. 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்து, பன்காவ் முகாமில் வாந்திபேதி கண்டு தரையில் சுருண்டு கிடந்தபோது, நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனபிஸ் உப்பும் சோடாவும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் சுற்றத்தாரையே மொண்டு கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் மாண்டுகொண்டிருந்த இடத்தில், அந்த நீரைப் பருகியவர்களிடையே சாவு நாலுக்கும் கீழே இறங்கிற்று. இன்று ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கிறோமே, அதன் வரலாறு இது. தாய்ப்பாலை நிறுத்தாமல் இதைக் கொடுப்பதும், கூடவே துத்தநாக மருந்தைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் நிறையும்வரை கொடுப்பதும் டாக்டர்களின் விதி. ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் உகந்தது என்று அவர்களே சொல்லுகையில், நம் அடுப்படியில் எந்நாளும் இருந்த பொருளை நாம் வேண்டிய நேரத்தில் எடுக்காமல் போனோமே என்று தோன்றுகிறது.

காமாலையின் கதை இதற்கு மறுபுறம். பிறந்த குழந்தை மஞ்சள் பூத்திருந்தால் இளவெயிலில் காட்டுவது நம் வழக்கம். 1950-களில் இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு என்னும் ஊர் மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற தாதி, குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்கு எடுத்துச் செல்லும் பழக்கமுள்ளவள். வெயில் பட்ட தோல் வெளுத்திருப்பதையும் துணி மறைத்த இடம் மட்டும் மஞ்சளாகவே நிற்பதையும் டாக்டர்களுக்குக் காட்டினாள். அவர்கள் அதை அலட்சியம் செய்யாமல் ஆராய்ந்து, 1958-இல் விளக்கொளிச் சிகிச்சையாக உலகுக்கு அளித்தார்கள். நீல விளக்கின் கீழ்க் கண்ணைக் கட்டிப் படுக்க வைக்கப்பட்டிருக்கும் சிசுவைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு பெண்ணின் கண் கண்டதை ரத்தப் பரிசோதனையும் அளவும் சேர்த்துச் சாஸ்திரமாக்கிய அந்த மனிதர்களை நான் வணங்குகிறேன். அளவில்லாத வெயிலை நம்பி வீட்டிலேயே இருந்துவிடலாகாது. பிறந்த அன்றே மஞ்சள் கண்டாலும், உள்ளங்கை உள்ளங்காலுக்கு அது இறங்கிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், தாமதித்தால் மூளை கெடும்.

டாக்டர் கட்சியிலும் குற்றம் இல்லாமலில்லை. ஜலதோஷம் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், ஒரு பாட்டிலாவது கையில் வராவிட்டால் டாக்டர் ஒன்றும் செய்யவில்லை என்று குறைப்படுகிறார்கள். அவரும் மனமிளகிச் சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று எழுதிவிடுகிறார். தானே வடியக்கூடிய சளிக்கு இருமல் மருந்து எதற்கு? 2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராப் பகுதியில், நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலே தயாரான இருமல் மருந்தைக் குடித்து, அதில் கலந்திருந்த நச்சுத் திரவத்தால் சிறுநீரகம் பழுதுபட்டு, இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டன. வீட்டிலே இழைத்தால் விஷம், கடையிலே வாங்கினால் மருந்து என்ற நம்பிக்கையை அச்செய்திக்குப் பின் யார் வைத்திருக்க முடியும்? நல்ல மருந்திலும் அளவு வேண்டும்: ஜுரத்துக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் சொட்டு மருந்து, அதே பெயருள்ள சிரப்பைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வீரியமுள்ளது, ஒன்றின் அளவை மற்றொன்றுக்கு வைத்து ஊற்றிவிடும் அபாயம் படித்த வீடுகளிலேயே நேர்கிறது. அத்தை கல்லைக் கழுவி மறுபடி தொடங்கிய நிதானம் இங்கேதான் வேண்டும்.

அதற்காக வீட்டுக் கைமருந்துக்கே திரும்பிவிடுவதும் ஆகாது. சளிக்காக எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி மார்பில் தடவுவது வலிப்பை உண்டாக்கக்கூடியது. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடியது. இவ்விரண்டையும் இன்றே நிறுத்திவிட வேண்டும்.

எங்கள் தெருவுக்கு அருகே ஒரு குழந்தை வைத்தியர் இருந்தார். இருமுகிற குழந்தை வந்தால், ஸ்டெதாஸ்கோப்பை எடுக்குமுன் அவர் செய்வது ஒன்றே: தாயின் மடியில் அதை அழாமல் அமர்த்தி, சட்டையை மார்புக்கு மேலே தூக்கச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுவதும் வாய் பேசாமல் மூச்சை எண்ணுவார். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவானால் 60, ஒரு வயதுக்குள் இருந்தால் 50, அதன்மேல் ஐந்து வயது வரை 40. எண்ணிக்கை அதைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலாவின் அடி உள்ளே இழுத்தாலோ நிமோனியா என்று கருதி உடனே சிகிச்சை தொடங்குவார். இல்லையென்றால், பெரும்பாலும் மருந்தே எழுதாமல் பால் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிடுவார். அந்த ஒரு நிமிஷ மௌனத்தில் எனக்கு அத்தையின் ஞாபகம் வரும். குளிப்பாட்டுகையில் அவள் பார்த்த பார்வைதான் அது, கூடவே கணக்கும் சேர்ந்திருந்தது.

அந்தக் கணக்கைப் பாட்டிமாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே இப்போது ஆக வேண்டிய காரியம் என்பது என் துணிபு. பிள்ளை பெற்ற வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியர் பெரும்பாலும் பெற்றவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார். குளிப்பாட்டுகிறவரும் இராத்திரியில் மடியில் வாங்கிக்கொள்கிறவருமான மாமியார், தமக்கு அதில் பங்கில்லை என்று திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார். செவிலியர் அவர் அருகிலும் சிறிது நேரம் அமரட்டும். "உச்சி பள்ளமா இருந்தா எண்ணெய் வைக்க வேணாம் பெரியம்மா, இந்தப் பொட்டலத்தைக் கரைச்சுக் குடுங்க, பாலை நிறுத்தாதீங்க; மூணு மாசத்துக்குள்ள உடம்பு சுட்டா, நடுராத்திரியானாலும் கூட்டிட்டு வந்துடுங்க; மூச்சு எப்படி எண்றதுன்னு நான் காட்டுறேன், சட்டையைத் தூக்குங்க" என்று சொல்லிக் கடிகாரத்தை அவர் கையில் கொடுக்கட்டும்.