விடைகொடுத்த ஓசை

லண்டன்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

மொழிபெயர்ப்பையே ஜீவனமாகக் கொண்ட வாசகர் ஒருவர், தமக்கு வரும் வேலை மாதத்துக்கு மாதம் குறைந்துவருவதையும், யந்திரம் பெயர்த்துக் கொடுத்ததைத் திருத்தித் தரும் வேலை மட்டும் பாதிக் கூலிக்கு வந்துசேர்வதையும் எழுதி, சீமையில் இதற்கு என்ன வழி கண்டிருக்கிறார்கள் என்று என்னைக் கேட்டிருந்தார். வருங்காலம் உரைக்கும் வித்தை எனக்குத் தெரியாது; ஆனால் இதே கேள்வி முன்னொரு காலத்தில் எழுந்து, பெரும் கலகத்தோடு முடிந்த தெரு ஒன்று இந்நகரத்தில் இருப்பதால், சென்ற சனிக்கிழமை அங்கே போய்வந்தேன்.

ஃபிளீட் தெரு என்றாலே பத்திரிகை என்று பொருள்பட்ட காலம் உண்டு. 1500-ஆம் ஆண்டையொட்டி விங்கின் டி வோர்ட் என்ற அச்சகர் செயின்ட் பிரைட்ஸ் தேவாலயத்தின் அருகே தம் அச்சுக்கூடத்தைக் கொண்டுவந்து வைத்தது முதல், ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் மையின் மணம் நீங்காதிருந்த அத்தெருவில், இன்று வக்கீல்களும் முதலீட்டு நிறுவனத்தாரும் காப்பிக் கோப்பையும் கையுமாக விரைகிறார்கள். பக்கத்துச் சந்தில், பழைய அச்சுக்கருவிகளைப் பேணிவைத்திருக்கும் பட்டறை ஒன்றில், எண்பது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற கம்பாசிட்டர், அதாவது அச்சுக்கோப்பாளர், ஒருவரைக் கண்டேன். நானும் ஒரு கம்பாசிட்டரின் மகன்தான் என்று சொன்னதும், அதுவரை மரியாதையாக விலகி நின்ற அவர் பேச்சு நெருங்கி வந்துவிட்டது.

லைனோடைப் என்ற எழுத்துக்கோக்கும் யந்திரத்தின் பெருமையை அவர் வர்ணித்தது, ஒருவர் தாம் வளர்த்த யானையைப் பற்றிப் பேசுவதைப் போல இருந்தது. ஓட்மார் மெர்கென்தாலர் ஆக்கி, 1886-இல் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் முதன்முதலாக ஓடிய அந்த யந்திரத்தில், விசையைத் தட்டத் தட்டப் பித்தளை வார்ப்பச்சுகள் ஒவ்வொன்றாக இறங்கி வரிசையில் நிற்க, உருகிய ஈயக்கலவை பாய்ந்து, ஒரு வரி முழுவதும் ஒரே கட்டியாக வார்ந்து, கைபொறுக்காத சூட்டோடு தட்டில் வந்து விழும். கடமை முடிந்த வார்ப்பச்சுகளோ தாமே மேலேறித் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடும். அந்தத் தொழிலில் ஒரு சம்பிரதாயமும் இருந்ததாம். ஒருவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று வெளியேறும் நாளில், கூடத்திலுள்ள அத்தனை பேரும் கையில் அகப்பட்ட இரும்பையும் மரச்சுத்தியையும் எடுத்து மேஜைகளின் மீது அடித்து, காது செவிடுபடும் ஓசையோடு அவரை வாசல்வரை வழியனுப்புவார்கள்.

அந்த யந்திரம் ஓடத் தொடங்கிச் ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 1986 ஜனவரி மாதத்தில், பத்திரிகை முதலாளி ரூபர்ட் மர்டாக்கின் நான்கு பத்திரிகைகள் ஃபிளீட் தெருப் பகுதியை விட்டு, வாப்பிங் என்ற இடத்தில் முள்வேலிக்குள் கட்டப்பட்டிருந்த புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தன. கணினியில் கோக்கும் அவ்விடத்தில் பழைய தொழிலாளருக்கு வேலை இல்லை. வேலைநிறுத்தத்தில் இறங்கிய சுமார் 5,500 பேரும் நீக்கப்பட்டார்கள். ஓராண்டுக்கு மேல் வாசலில் நின்று போராடி, 1987 பிப்ரவரியில் வேலை திரும்பக் கிடைக்காமலே கலைந்தார்கள். தொழிற்சங்கங்களின் பேரில் தவறே இல்லை என்று நான் வாதிக்க வரவில்லை. புதிய கருவி எதுவும் உள்ளே நுழையலாகாது என்ற பிடிவாதமும், தேவைக்கு மேல் ஆளைச் சேர்த்துச் சம்பளம் வாங்கிய வழக்கமும் அங்கே இருந்தன என்பதை முதியவரே ஒப்புக்கொண்டார். "ஆனால் எங்களில் ஒருவருக்கும் ஓசை எழவில்லை" என்று மட்டும் சொன்னார்.

இதே யந்திரமாற்றம் நியூயார்க்கில் வேறு விதமாக நடந்தேறியது. 1962-63-இல் 114 நாள் பத்திரிகைகளை முடக்கிய வேலைநிறுத்தத்தை நடத்திய பெர்ட்ரம் பவர்ஸ் என்ற சங்கத் தலைவரே, 1974-இல் முதலாளிகளோடு உடன்படிக்கை செய்துகொண்டார்: கணினி வரலாம், அதை நாங்கள் தடுக்கமாட்டோம், அதற்கு ஈடாக, இப்போது வேலையிலிருக்கும் அச்சுக்கோப்பாளர் எவரையும், அவராக ஓய்வுபெறும்வரை, நீக்கலாகாது. 1978 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் ஈயத்தில் கோத்த தன் கடைசி இதழை அச்சிட்டபோது, தொழில் மாண்டது மெய்யே. தொழிலாளர் தெருவில் நிற்கவில்லை.

அதே 1978-ஆம் ஆண்டில்தான் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. துதிக்கை தூக்கிய பழைய ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. மதுரையில் என் தகப்பனார் அவற்றை எழுத்துப்பெட்டியின் அறைகளிலிருந்து பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு மூடியபோது, "எழுத்துக்கே ரிட்டயர்மெண்ட் கொடுத்துவிட்டார்கள்" என்று சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. சில ஆண்டு கழித்து அச்சகத்தார் கணினி வாங்கினார்கள். ஈய எழுத்துகள் அனைத்தும் எடைக்குப் போயின. அப்பா ஒரு மாலை, ஸ்டிக் என்ற தம் அச்சுக்கோக்கும் கருவியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, வழக்கமான நேரத்துக்கு முன்பே வீடு திரும்பினார். "உன் தகப்பனாருக்கு யார் ஓசை எழுப்பினார்கள்?" என்று முதியவர் கேட்டபோது, எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆகவே, கடிதம் எழுதிய அன்பருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. பவர்ஸ் பேரம் பேசியது, முதலாளிக்கு இன்னும் கைகள் தேவைப்பட்ட காலத்தில். லண்டனில் பேச முற்பட்டபோது அந்தக் காலம் முடிந்துவிட்டிருந்தது. யந்திரம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே பேசிவிட வேண்டும். கூடத்துக்குள் வந்து பாய் விரித்த பிறகு பேச்சுக்கு மதிப்பில்லை. ஆனால் அந்தக் கம்பாசிட்டர்களிடம் இருந்ததும் இன்றைய மொழிபெயர்ப்பாளர்களிடம் இல்லாததுமான ஒன்று உண்டு: அவர்கள் அனைவரும் ஒரே கூடத்தில் நின்று வேலை செய்தார்கள். பேரம் பேசுவதற்கும் சரி, ஓசையெழுப்பி ஒருவரை வழியனுப்புவதற்கும் சரி, அந்தக் கூடம் வேண்டும். தனித்தனி வீட்டில், தனித்தனித் திரையின் முன்னால் அமர்ந்து, அடுத்தவர் வாங்கும் கூலி இன்னதென்று அறியாமல் உழைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள், யந்திரத்தோடு வழக்காடுவதற்கு முன்னால், ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிப்பதே முதல் காரியம் என்று தோன்றுகிறது. தம் ஊரில் தம்மைப் போல் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அன்பர் விசாரித்து எழுதட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கடல் கடந்தவன்