வீட்டில் இருப்பதை வைத்து ஒரு போத்தல் தக்காளி சோஸ்



ரமழான் நெருங்கினால் நமது பகுதிக் கடைகளில் சோஸ் போத்தல்கள் முன்வரிசைக்கு வந்துவிடும். நோன்புக் கஞ்சியோடு சமோசா, ரோல்ஸ், கட்லட் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதைத் தொட்டுத் தின்னச் சோஸ் வேண்டும். பிள்ளைகளுக்கு அது இல்லாவிட்டால் நோன்பு திறந்த மாதிரியே இருக்காது. ஒரு மாதத்துக்கு எத்தனை போத்தல் முடிகிறது என்று உங்கள் வீட்டிலும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் சோஸ் செய்யும் வழக்கம் 2022இல் தொடங்கியது. அந்த வருடத்தை யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கேஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, எண்ணெய்க்கு வரிசை. செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது முந்திய வருடம் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் ஏறக்குறைய இருநூறு ரூபாய். ஆசிரியர் சம்பளம் அதற்கேற்பக் கூடவில்லை. மாதச் சாமான் துண்டை எழுதும்போது முதலில் வெட்டுப்பட்டது சோஸ்தான். அந்த நேரத்தில் கூட வேலை செய்யும் ஒரு தமிழ் ஆசிரியை தன் வீட்டுத்தோட்டத்துத் தக்காளிப் பழத்தை ஒரு பை நிறையத் தந்தார். கறிக்குப் போக மிஞ்சியது பழுத்துக் கனிந்து நாளைக்குத் தாங்காது என்ற நிலைக்கு வந்தது. குசினியில் இருந்த சாமானை வைத்து அன்று செய்து பார்த்ததுதான் இன்றைக்கும் தொடர்கிறது.

எங்கள் அளவு இதுதான்.

நன்றாகப் பழுத்த தக்காளி 1 கிலோ. பெரிய வெங்காயம் ஒன்று. உள்ளி நாலு பல்லு. இஞ்சி விரல்நுனி அளவு. காய்ந்த கொச்சிக்காய் மூன்று அல்லது நாலு. கறுவாப்பட்டை ஒரு துண்டு, கராம்பு நாலு, மிளகு ஆறு. சீனி ஐந்து மேசைக்கரண்டி. உப்பு இரண்டு தேக்கரண்டி. வினாகிரி 100 மில்லிலீற்றர். சாயம் இல்லை, மா இல்லை.

தக்காளியைக் கழுவி நாலாக வெட்டி, வெங்காயம், உள்ளி, இஞ்சி, கொச்சிக்காயோடு மூடி அவியவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், பழத்துத் தண்ணீரே போதும். இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். ஆறியதும் அரைத்து, அரிதட்டில் வடித்துத் தோலையும் விதையையும் நீக்குங்கள். வடித்த சாற்றை அகன்ற எவர்சில்வர் சட்டியில் ஊற்றி, கறுவா, கராம்பு, மிளகைச் சின்னத் துணியில் முடிந்து உள்ளே போட்டு, மெல்லிய நெருப்பில் கிண்டிக் கிண்டி வற்றவிடுங்கள். பாதியாக வற்றியதும் சீனி, உப்பு, வினாகிரியைச் சேர்த்து இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். பதம் பார்க்க ஒரு சொட்டை எடுத்துப் பீங்கானில் விடுங்கள். சொட்டைச் சுற்றித் தண்ணீர் பிரிந்து ஓடாவிட்டால் சோஸ் ஆகிவிட்டது. ஏறக்குறைய 400 மில்லிலீற்றர் கிடைக்கும்.

அலுமினியச் சட்டி வேண்டாம். தக்காளியின் புளிப்பும் வினாகிரியும் அலுமினியத்தைக் கரைக்கும், ருசியும் கெடும். போத்தல் கண்ணாடிப் போத்தலாக இருக்கட்டும். தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஈரமில்லாமல் காயவைத்து, சோஸ் சூடாக இருக்கும்போதே போத்தலும் சூடாக இருக்க ஊற்றி மூடுங்கள். பிறகு பிரிஜ்ஜில் வைத்து மூன்று, நாலு கிழமைக்குள் முடித்துவிடுங்கள். எடுக்கும் கரண்டி காய்ந்த கரண்டியாக இருக்க வேண்டும்.

வினாகிரியைக் குறைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். குறைக்க வேண்டாம். அது ருசிக்காக மட்டும் சேர்ப்பதல்ல. தக்காளியின் பீ.எச். பெறுமானம் பொதுவாக 4.3க்கும் 4.9க்கும் இடையில் இருக்கும். 4.6க்கு மேலே போனால், காற்றில்லாத போத்தலுக்குள் நஞ்சை உண்டாக்கும் பொட்டுலினம் என்ற பற்றீரியா வளர இடமுண்டு. தக்காளி அந்த எல்லைக் கோட்டிலேயே நிற்கும் பழம். வினாகிரிதான் அதைப் பாதுகாப்பான பக்கத்துக்குத் தள்ளுகிறது. சீனியும் உப்பும் சோஸில் உள்ள தண்ணீரைக் கிருமிக்குக் கிடைக்காமல் பிடித்துவைத்துக்கொள்கின்றன. பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் நீலப் பாசிச்சாயத் தாளைச் சிவப்பாக்கிப் பார்க்கிறார்களே, அதே அமிலம்தான் இங்கே காவலாளி.

இந்தச் சோஸுக்கு நமது கரையோடு தூரத்து உறவும் உண்டு. கெச்சப் என்ற பெயர் தென்சீனக் கடலோரத்து மக்களின் மீன் சாற்றுப் பெயரில் இருந்து, மலாய் மொழி வழியாக ஆங்கிலேயரிடம் போனது என்பதே பெரும்பாலான ஆய்வாளரின் கருத்து. அவர்கள் முதலில் காளானிலும் நெத்தலி போன்ற மீனிலும் அதைச் செய்து பார்த்தார்கள். 1812இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜேம்ஸ் மீஸ் என்ற மருத்துவர்தான் தக்காளிக் கெச்சப்புக்கான முதல் செய்முறைகளில் ஒன்றை அச்சிட்டார். மீனை உப்பிலும் கொறுக்காய்ப்புளியிலும் இட்டு ஜாடியாக வைத்துத் தின்ற இந்தத் தீவு மக்களுக்கு, கிடைக்கும் காலத்தில் பக்குவப்படுத்திக் கிடைக்காத காலத்துக்கு வைப்பது புதுச் செய்தியா? மாரி மழையில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து, கல்முனைச் சந்தைக்குப் போக வழியில்லாமல் நாவிதன்வெளிப் பக்கம் முடங்கிய நாட்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அப்போது குசினி ராக்கையில் இருப்பதுதான் சந்தை.

வினாகிரி என்றதும் ஒரு ஹதீஸ் நினைவுக்கு வருகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை வீட்டில் ரொட்டியோடு தொட்டுக்கொள்ள ஏதும் உண்டா என்று கேட்டார்கள். வினாகிரியைத் தவிர ஒன்றுமில்லை என்றார்கள் வீட்டார். அதையே கொண்டுவரச் சொல்லிச் சாப்பிட்டு, அது எவ்வளவு நல்ல தொடுகறி என்று புகழ்ந்தார்கள். ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்க ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இல்லாததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, இருந்ததற்குப் புகழ்ச்சி. அந்த வீட்டில் இருந்தவர்களின் மனம் எவ்வளவு குளிர்ந்திருக்கும்! இருப்பதை வைத்துச் சமைத்துவிட்டு, என்ன சொல்வார்களோ என்று முகத்தைப் பார்த்து நிற்கும் உம்மாமார் நமது வீடுகளிலும் இருக்கிறார்கள்.

எல்லா நாளும் வீட்டில் செய்வது லாபம் என்று நாங்கள் சொல்லவில்லை. தக்காளி விலை ஏறி நிற்கும் மாதத்தில், கேஸ் செலவையும் சேர்த்தால் கடைப் போத்தலே மலிவு. ஆனால் விளைச்சல் குவிந்து விலை விழும் கிழமைகள் வருடாவருடம் வருகின்றன. அப்போது பறித்த கூலிக்கும் காணாமல் விவசாயி நட்டப்படுகிறார், பழம் பெட்டியிலேயே அழுகுகிறது. அந்தக் கிழமையில் இரண்டு கிலோ கூட வாங்குங்கள். விறகடுப்பு உள்ளவர்கள் சோறு இறக்கிய பிறகு மிஞ்சும் தணலில் வற்றவைக்கலாம்.

கடையில் வாங்கினாலும் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை அளவில் கூடியதில் இருந்து குறைந்தது வரை வரிசையாகப் போடுவதே முறை. சில மலிவுப் போத்தல்களில் தண்ணீருக்கும் சீனிக்கும் மாவுக்கும் பிறகுதான் தக்காளி வருகிறது. அதை உங்கள் பிள்ளையைக் கொண்டே வாசிக்கவையுங்கள், அதுவும் ஒரு பாடம்.

வீட்டில் செய்து விற்க நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை கேளுங்கள். போத்தலில் செய்த திகதியை எழுதுங்கள். மேலே பூஞ்சணம் தெரிந்தால் அதை வழித்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்காதீர்கள், முழுவதையும் கொட்டுங்கள். ஒரு போத்தல் நட்டம் போனாலும் நம்பிக்கை நட்டம் போகக்கூடாது.

இம்முறை செய்தால் ஒரு சின்னப் போத்தலைக் கூடுதலாக ஊற்றி வையுங்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் அது பக்கத்து வீட்டுக்குப் போகட்டும். நாவிதன்வெளியில் பக்கத்து வீடு முஸ்லிம் வீடாகவும் இருக்கலாம், தமிழ் வீடாகவும் இருக்கலாம். எங்கள் முதல் சோஸுக்குத் தக்காளி வந்ததும் அப்படித்தான்.