கோப்பாய்ச் செம்மண்ணில் ஒரு மலைப்பூ

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியே செல்வோர் இருபாலையைக் கடந்ததும் கோப்பாயை அடைவர். வீதியோரச் செம்மண் தோட்டங்கள் கண்ணுக்கு விருந்தாகும்.

அங்கே என் பெரியம்மா வீட்டு முற்றத்து நிழலில் ஒரு பூச்சாடி உண்டு. நுவரெலியாவில் ஆசிரியையாயிருக்கும் மகள் கொடுத்தனுப்பிய ஹைட்ரேஞ்சியாச் செடி அது. வந்தபோது பூ வான்நீலம். நம் வெயிலுக்குத் தப்பி மறுபடி பூத்த ஒற்றைக் கொத்தோ இளஞ்சிவப்பு.

"என் கையில்தான் ஏதோ பிழை, தம்பி" என்று அவர் வருந்தினார்.

பிழை கையிலன்று. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து, வேர்வழியே ஏறி, பூவின் நிறப்பொருளோடு கூடும்போதே நீலம் பிறக்கிறது. 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவின் மண் அத்தகையது. கோப்பாய் மண்ணின் சிவப்போ இரும்பினால் வந்தது. அதன் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். சுண்ணாம்பு மிகுந்தால் அலுமினியம் கரையாது, பூ இளஞ்சிவப்பாகும்.

"செடி மலைமண்ணோடுதானே வந்தது?"

"நீங்கள் ஊற்றியது நம் கிணற்றுநீர் அல்லவா, பெரியம்மா? கேத்திலில் வெண்படலம் படிவிக்கும் சுண்ணாம்பு சாடியிலும் சேர்ந்துவிட்டது. மழைநீர் வாருங்கள், சிறிது படிகாரமும் கரைத்து ஊற்றலாம். பூத்த கொத்து இனி மாறாது. அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும்."

ஐப்பசி மாரி தொடங்கிய அன்று, தாழ்வாரத்தின் கீழே பெரியம்மாவின் வாளி இருந்தது. மகள் தைப்பொங்கலுக்கு வருகிறாளாம்.